நாக்கில் செத்த சர்க்கரை

சிறுகுறிஞ்சான் இலையை மென்று பார்த்து வாங்குவது என் வேலை.

வட ஒத்தவாடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு மூலிகை மண்டி இருந்தது. முன்னே கடை, பின்னே ஓடு போட்ட கொட்டகை. இலையெல்லாம் கொட்டகையில் காயும். வெயிலில் போட்டால் பச்சை போய்விடும், பச்சை போனால் சத்தும் போய்விடும் என்பார்கள். நிழலில் பரப்பி அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். ஆவாரை, ஆடாதொடை, கீழாநெல்லி, நிலவேம்பு எல்லாம் வரும். அவற்றைக் கண்ணால் பார்த்தே வாங்கிவிடலாம். சிறுகுறிஞ்சான் அப்படி இல்லை. அது வேலியில் படரும் கொடி. அதோடு வேறு கொடிகளும் படர்ந்திருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண்கள் கோணியில் அடைத்து பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார்கள். எல்லாம் கலந்து வரும். வாடிய பிறகு எந்த இலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் மெல்ல வேண்டும். மூட்டையின் அடியில் கையை விட்டு ஒன்றிரண்டு இலை எடுத்து மென்று, கசப்பைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட வேண்டும். இனித்தால் அது வேறு இலை. மூட்டை திரும்பிப் போகும். மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் சிறுகுறிஞ்சான்.

ஒரு தடவை மென்றால் நாக்கு கொஞ்ச நேரத்துக்குப் போய்விடும். அடுத்த மூட்டைக்கு அந்த நாக்கு உதவாது. அதற்காகவே மண்டியில் வேலை பார்த்த எங்களில் சில பெண்களை மாற்றி மாற்றி மெல்ல வைத்தார்கள். மூட்டை வந்து இறங்கியதும் கடையிலிருந்து முதலாளி குரல் கொடுப்பார்.

"யாரும்மா நாக்கு காலியா இருக்கு?"

"உங்க நாக்குதான் எப்பவும் காலி. வந்து மெல்லுங்க."

"நான் மென்னா அப்புறம் யாரு பேசறது? வெல கேக்க ஆளு வேணாமா?"

இப்படித்தான் பொழுது போகும். நாக்கு செத்திருக்கும்போது டீ குடித்தால் வெறும் வெந்நீர். வாழைப்பழம் தின்றால் பிசைந்த மாவு. பழகிவிட்டது. இனிப்பு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

என் வீட்டுக்காரர் கல்யாணச் சமையல்காரர். லட்டு, பாதுஷா, ஜாங்கிரி எல்லாம் அவர் கை. முகூர்த்த நாளில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. சத்திரத்துக்குச் சத்திரம் ஓடுவார். எனக்கு வாயிலிருந்து இனிப்பைப் போக்குவது வேலை, அவருக்கு இனிப்பை வரவழைப்பது வேலை. எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அவர் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. அப்போது இந்த ஊர் வடாற்காடு ஜில்லா. சமையலுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு காலில் செருப்பு இருக்காது.

"செருப்பு எங்கங்க?" என்றால் குனிந்து காலைப் பார்ப்பார்.

"கால்லதான இருந்திச்சி" என்பார்.

வழியில் எங்கேயோ கழன்றிருக்கும். அவருக்குத் தெரிந்திருக்காது. போன வழியே நான் போய்த் தேடி எடுத்து வருவேன். சில தடவை கிடைக்கும்.

பிறகு கட்டைவிரல் பக்கத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, நீல மருந்து ஊற்றி விளக்குச் சுடரில் சூடு காட்டினார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் ஜாஸ்தி. அவருடையது செங்கல் நிறத்துக்குப் போனது.

டாக்டர் அந்தக் குழாயை எங்களிடம் காட்டினார்.

"இனிப்ப விடணும். மாத்திரைய விடாம போடணும். இல்லன்னா இந்தக் கால எடுக்க வேண்டி வரும்."

"சார், நான் கால்ல நிக்கிறவன்" என்றார் இவர்.

"அதுக்குத்தான் சொல்றேன்."

திரும்பி வரும்போது பெரிய தெருவில் நின்றார். பிறகு, "உக்காந்துகிட்டு எவனாச்சும் ஜாங்கிரி சுட்டுப் பாத்திருக்கியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டில் இனிப்பை விட்டுவிட்டார். அடுப்பண்டை விடவில்லை. பதம் பார்க்கிறேன் என்று ஒன்று வாயில் போடுவார். அவரிடம் கரண்டி பிடிக்கிற ஆள் ஒருவர் இருந்தார். கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவர். அவர் ஒரு நாள் மண்டிக்கே வந்து சொன்னார்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் பதம் பாக்கல. நாஸ்தா பண்றாரு."

நான் முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு நாட்டு வைத்தியம் கொஞ்சம் தெரியும். சிறுகுறிஞ்சான் பொடியைக் காலையில் மோரில் கொடு என்றார். "ஆனா பத்தியம் இருக்கணும்மா. பத்தியம் இல்லாத இலை மாடு தின்ற இலைதான்" என்றார். ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்றார். பொடியோடு பச்சை இலையும் ஒரு கை கொண்டுபோனேன். அடுப்பண்டை போகும் முன் மென்றால் வாய் இனிப்பு கேட்காது என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மென்றார். முகம் கோணியது. விழுங்கிவிட்டார். முந்தின நாள் கல்யாணத்து லட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துக் கடித்தார். கடித்த வாய் நின்றது. கையிலிருந்த லட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது? கடல மாவு உருண்டையா இருக்குது."

சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி வாயில் போட்டார்.

"மணலு" என்றார். துப்பினார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "செத்துடுச்சிடி. சர்க்கர செத்துடுச்சி."

அந்த முகூர்த்தக் காலம் முழுக்க இனிப்பைத் தொடவில்லை. பாகின் பதத்தை விரலில் தொட்டுக் கம்பி இழுத்துப் பார்த்துவிடுவார். பாயசத்தை மட்டும் கரண்டி பிடிக்கிறவர் குடித்துப் பார்த்துச் சொல்வார். புண் சுருங்கியது. ஆஸ்பத்திரியில் நீல மருந்து பச்சையோடு நின்றது. இப்படியே இரு என்றார் டாக்டர். இலை மென்ற கதையை இவர் டாக்டரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

ஆடி வந்தது. கல்யாணம் இல்லை, வேலை இல்லை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நான் மண்டியிலிருந்து வரும்போது ஒரு நாள் டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, மாமாவுக்கு சர்க்கர வியாதின்னீங்களே. டீயில சர்க்கரய அள்ளிப் போடுன்றாரு."

"எதுக்காம்?"

"எல தின்னுட்டேன், எவ்ளோ போட்டாலும் உள்ள போய் செத்துடும்ன்றாரு. தெருவுல இருக்கற சர்க்கரக்காரங்களுக்கெல்லாம் வேற சொல்லிக்கினு இருக்காரு. அந்த எலய எனக்கும் கொஞ்சம் எடுத்தாங்க. எங்கப்பாவுக்கு."

வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"டீயில சர்க்கர போட்டுக்கிறீங்களாமே."

"ஆமா."

"டாக்டரு வேணாம்னாரு இல்ல?"

"அது எல இல்லாதவனுக்கு." பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "தோ பாரு. எல மென்னுட்டு சர்க்கர போட்டா இன்னா ஆவுது? மணலாப் போவுது. மணலு தின்னா ஒடம்புல சர்க்கர ஏறுமா?"

"ஏறாது."

"அவ்ளோதான். நாக்குலயே செத்தது வயித்துல போயி எப்படிப் பொழைக்கும்?"

எனக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது. அந்த இலைக்கு எங்கள் மண்டியில் இன்னொரு பெயர் சர்க்கரைக்கொல்லி. கொல்லி என்றால் கொல்வதுதானே.

"மணலா இருக்கறத எதுக்குத் தின்றீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"கை பழகிடுச்சி. நாக்குக்குத் தெரியலன்னாலும் கைக்குத் தெரியும்."

பிறகு இன்னொன்றும் கண்டுபிடித்தார். இலையை மென்று விழுங்கிவிட்டு, நாக்கு திரும்பி வரும் வரை காத்திருந்து அப்புறம் இனிப்பு தின்பது. இலைதான் வயிற்றுக்குள் காவல் இருக்கிறதே என்றார். அப்படித் தின்றால் ருசியும் உண்டு, பயமும் இல்லை. ரெண்டு காவல் எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினார். ஆவணியில் கல்யாணம் தொடங்கியது. இடுப்பில் துண்டுக்குள் இலை முடிந்துகொண்டுதான் வேலைக்குப் போவார். இலை தீர்ந்தால் நான் கொண்டுவந்து கொடுப்பேன். பொடி டப்பா அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "புண்ணுதான் ஆறிடுச்சே, போயி இன்னா காட்டறது?" என்பார்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு மண்டியை மூடிவிடுவார்கள். அவருக்கு ஒரு சத்திரத்தில் அன்னதானச் சமையல். காய் நறுக்க ஆள் போதாது என்று நானும் போனேன். சத்திரத்துப் பின்பக்கம் தரையில் பள்ளம் வெட்டிக் கோட்டை அடுப்பு போட்டிருந்தார்கள். பகல் நேரம். தெருவில் நடக்க இடமில்லை. அரோகரா சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு பக்கம் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பெரிய கடாயில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

கரண்டி பிடிக்கிறவர் மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, இன்னாமோ தீயுது."

"பாகு இல்ல. பாகு நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர். விரலில் தொட்டுக் கம்பி இழுத்துக் காட்டினார்.

"இல்லண்ணே, தோலு தீயற மாதிரி நாறுது. எவனாச்சும் செருப்ப அடுப்புல போட்டுட்டானா?"

"செருப்பு போட்டுக்கினு உள்ள வந்தது யாரு? ஒதைப்பேன்" என்றார்.

எனக்கும் வாடை வந்தது. அருவாமனையை விட்டு எழுந்து போனேன். அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கு தெறித்து விழுந்திருந்தது. அவர் அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, கால எடுங்க."

"இன்னாத்துக்கு?"

"எடுங்க."

எடுத்தார். திருப்பிப் பார்த்தார். குதிகாலுக்குப் பக்கத்தில் கறுத்துக் குழிவிழுந்து இருந்தது. கங்கு காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அருவாமனைக்குப் பக்கத்திலிருந்த துணியால் தட்டிவிட்டேன்.

"ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாகு முறுகிவிடும், கடாயை இறக்கு என்று கரண்டி பிடிக்கிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். சத்திரத்து வாசலில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் காலை நீட்டி உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

அந்தப் புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தோம். வேப்பிலை அரைத்து வைத்தோம். வலி இல்லை என்பதால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெரிதானது. இலை மெல்வதை மட்டும் விடவில்லை. சர்க்கரை இல்லாத உடம்பில் புண் ஏன் ஆறவில்லை என்று அவருக்கே சந்தேகம் வந்தது. துணியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து ஓர் ஆள் மண்டிக்கு வந்தார். மருந்து கம்பெனிக்கு இலை எடுப்பவர். பேன்ட் போட்டிருந்தாலும் கொட்டகையில் எங்களோடு கீழே உட்கார்ந்து மென்று பார்த்தார். சர்க்கரை போட்டுக்கொண்டு, "ஆமா, மண்ணுதான்" என்று தலையாட்டினார். நான் கேட்டேன்.

"ஏன் சார், இந்த எல நாக்குல சர்க்கரய கொன்னுடுது. உள்ள போயும் அப்படித்தான் கொல்லுமா?"

"கொல்றதெல்லாம் இல்லம்மா. இலையில ஒரு சத்து இருக்கு." ஒரு பெயர் சொன்னார். நான் அதிகம் படித்தவள் இல்லை, பெயர் நிற்கவில்லை. "நாக்குல இனிப்பு உக்கார்றதுக்குன்னு எடம் இருக்கு. இந்தச் சத்து முன்னாடியே போய் அந்த எடத்துல உக்காந்துக்கும். பஸ் ஸ்டாண்டுல பஸ் நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்பாங்க இல்ல, அந்த மாதிரி. அப்புறம் சர்க்கரை வந்து ஏறும். உக்கார எடம் இருக்காது. அதனால வந்ததே உனக்குத் தெரியாது."

"அப்ப அது சாவலியா?"

"சீட்டு கெடைக்காதவன் பஸ்ஸ விட்டு எறங்கிடுவானா? நின்னுக்கிட்டே வேலூரு போய்ச் சேந்துடுவான். அந்த மாதிரி சர்க்கரை போற எடத்துக்குப் போயிடும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்ப சர்க்கர வியாதிக்கு இத எதுக்குக் குடுக்கறாங்க?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"உள்ள போயும் வேற வேலை கொஞ்சம் செய்யுதுன்றாங்க. பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆனா இலையத் தின்னுட்டு மேல இனிப்பத் தின்னா, எந்த இலை காப்பாத்தும்?"

அவர் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் மிச்ச இலையைப் புரட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. மண்டியில் கேட்டதை அப்படியே சொன்னேன். பஸ், துண்டு, சீட்டு எல்லாம் சொன்னேன்.

"நின்னுக்கினே போயிடுவானா?" என்றார்.

"ஆமாங்க."

"வேலூரு வரைக்கும்?"

"அப்படித்தான் சொன்னாரு."

துண்டு முடிப்பை அவிழ்த்தார். உள்ளே வாடிய இலை கொஞ்சம் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நாளைக்கி ஆஸ்பத்திரி போலாம்" என்றார்.

போனோம். கண்ணாடிக் குழாயை விளக்கில் காட்டினார்கள். பச்சை, மஞ்சள் எதிலும் நிற்கவில்லை. நேராகச் செங்கல் நிறத்துக்குப் போனது. டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக மாத்திரை போடவில்லை என்று கேட்டார். இவர் ஆடியிலிருந்து என்றார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னும் வழி இருக்கிறது என்று நினைத்திருப்போம்.

"எந்த எடத்துல சார்?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

இவர் அந்த இடத்தைத் தன் விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாகைத் தொடுவது மாதிரிதான் தொட்டார்.

காலை எடுத்த அன்று வெளியே பெஞ்சில் இருந்தேன். கரண்டி பிடிக்கிறவர் கூட இருந்தார். டீ வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன். அன்றைக்கு இலை எதுவும் மெல்லவில்லை. ஆனாலும் அந்த டீ இனித்ததா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கரண்டி பிடிக்கிறவரைக் கூப்பிட்டு, பெரிய கடாய், ஜல்லிக்கரண்டி, ஜாங்கிரித் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

"அண்ணே, ஸ்டூலு போட்டுத் தரேன். உக்காந்து பதம் மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

"அடுப்பு ஒரு பக்கம் எரியும், காத்து ஒரு பக்கம் அடிக்கும். ஸ்டூலு நவுருமாடா? நின்னாதான் சமையலு. எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போனார். கடாய் வாசலில் இடித்துச் சத்தம் வந்தது. பாத்து, பாத்து என்றார் இவர்.

நான் மண்டிக்குத் திரும்பினேன். மூட்டை வந்து இறங்கியிருந்தது. யார் நாக்கு காலியா இருக்கு என்று முதலாளி கேட்டார். என் நாக்கு என்றேன். மென்றேன். சர்க்கரை போட்டுப் பார்த்தேன். சரியான இலை. இறக்கிக்கொள்ளலாம் என்றேன்.

அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிட்டார். பக்கத்து வீட்டில் காதுகுத்து என்று இனிப்பு கொடுத்துவிட்டால் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். ஜன்னல் கட்டையில் வைத்த இலை அங்கேயே காய்ந்து தூளாகியது. ஒரு நாள் பெருக்கும்போது அதையும் சேர்த்துப் பெருக்கிவிட்டேன்.

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம். வெயில் மலையில் பட்டு ஊருக்குள் திரும்பி அடித்தது. மண்டியில் வேலை இல்லை என்று நான் வீட்டில் இருந்தேன். அவர் பாயில் படுத்திருந்தார்.

"இந்தா" என்று கூப்பிட்டார்.

"இன்னாங்க?"

"கால் எரியுது."

நல்ல காலைத் தொட்டேன்.

"அது இல்ல. அந்தக் கால்."

கையை எடுத்துக்கொண்டேன்.

"குதிகால்ல. கங்கு மேல நிக்கிற மாதிரி எரியுது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கங்கின் மேல் நிஜமாக நின்ற அன்றைக்கு அவர் முகத்தில் இது எதுவும் இல்லை.

"எங்க எரியுது, காட்டுங்க" என்றேன்.

கையைத் தூக்கிப் பாயைக் காட்டினார். வேட்டி முடிந்த இடத்துக்கு அந்தப் பக்கம். அங்கே பாய்தான் இருந்தது.

விசிறியை எடுத்து வந்து அங்கே உட்கார்ந்து விசிறினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

கீழே விசிறினேன். கொஞ்ச நேரம் கழித்துப் போதும் என்றார்.